லாரி முதுகில் என் கம்பெனி

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பிரியாணி வருவதற்கு இடைப்பட்ட நேரத்தில், நான் ஒரு கம்பெனி ஆனேன்.

தனியாக ஆகவில்லை. எங்கள் மாதா கோயில் பங்குக் கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அன்றைக்குக் கம்பெனி ஆனோம். கோயமுத்தூரில் இருந்து ஒருவர் பேச வந்திருந்தார். நாமக்கல் வெயிலில் கோட்டு போட்டிருந்தார். அதிலேயே தெரிந்தது, சாதாரண ஆள் இல்லை. மேடையேறியதும் நேராக என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"நீங்கள் சம்பளக்காரர் இல்லை! நீங்களே ஒரு கம்பெனி! உங்கள் முதலாளி உங்கள் முதலாளி இல்லை, உங்கள் கஸ்டமர்! உங்கள் பெயர் ஒரு பிராண்டு! அது ஊர் கண்ணில் பட வேண்டும்!"

எனக்கு முதுகுத்தண்டு தானாக நிமிர்ந்தது. பக்கத்து நாற்காலிக்காரருக்கு நிமிரவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"உங்களிடம் இருக்கிற, ஆனால் நீங்கள் பயன்படுத்தாத திறமை எது? யோசியுங்கள்! இன்றே அதை வெளியே எடுங்கள்!"

பெண்கள் வரிசையில் என் மனைவி இசபெல்லா கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். பாவம், பிரியாணி எப்போது வரும் என்று யோசிக்கிறாள் என நினைத்துக்கொண்டேன். வாசகர்கள் இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நான் மறந்துவிட்டேன்.

என் பெயர் கஸ்பார். நாமக்கல்லில் காளியண்ணன் லாரி பட்டறையில் எஸ்டிமேட் போடுகிறவன். "பாடி பில்டிங்கில் இருக்கிறேன்" என்று வெளியூரில் சொன்னால் என் தொப்பையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நாங்கள் உடம்பு கட்டுவது லாரிக்கு. பெரிய கம்பெனியில் இருந்து லாரி வெறும் எலும்பாக வரும். என்ஜின், சக்கரம், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு டிரைவர், அவர் தலைக்கு மேலே வானம். அவ்வளவுதான். அதற்கு என்ன மரம், என்ன உயரம், எந்தச் சரக்குக்கு எந்தத் தகடு என்று முடிவு செய்கிறவன் நான். நான் விரலால் தட்டினாலே பலகை தன் வயதைச் சொல்லிவிடும். இந்த ஜில்லாவில் என்னைப் போல எஸ்டிமேட் போட ஆள் கிடையாது. இதை நானே சொல்லக் கூடாதுதான். வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

சேலம் ரோட்டில் முதலாளி இரண்டாவது பட்டறை கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு மேனேஜர் வேண்டும். யார் என்பதை ஆயுத பூசை அன்று சொல்வதாக இருந்தார். போட்டியில் இரண்டே பேர். ஒருவன், பதினேழு வருஷமாக மரத்தூளைத் தின்று வளர்ந்த நான். இன்னொருவன் முதலாளியின் மச்சினன் மதன். திருச்செங்கோட்டில் பி.இ. முடித்தவன். வேங்கைக்கும் வேலமரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் போனில் தேடிப் பார்த்துச் சொல்வான். அவன் மேனேஜர் ஆனால், அவன் உள்ளே வரும்போதெல்லாம் நான் எழுந்து நிற்க வேண்டும். என் முட்டி அதற்குச் சம்மதிக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அறிவித்தேன்.

"பெல்லா, இன்னிக்கிருந்து நான் ஒரு கம்பெனி."

"செரிங்க கம்பெனி. வர்ற வழியில தேங்கா வாங்கச் சொன்னேனுங்களே?"

"காளியண்ணன் இனி எனக்கு முதலாளி இல்லை. கஸ்டமர்."

"அவருக்குத் தெரியுமுங்களா?"

"தெரிய வேண்டியதில்லை. இது மனசுக்குள்ள நடக்கற மாற்றம்."

"ஓ. கம்பெனிக்கு எம்.டி. யாருங்க?"

"நான்தான்."

"வேலையாளு?"

"அதுவும் நான்தான்."

"அப்ப நாளைக்கு ஸ்ட்ரைக்குன்னு வந்தா, யாரு யாரைக் கூப்புட்டுப் பேசுவீங்க?"

கம்பெனிகள் இப்படிப்பட்ட அற்பக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை.

இசபெல்லாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சேலத்துப் பெண். ஆனால் வளர்ந்தது நாக்பூரில். அப்பா ரயில்வே. கல்யாணத்துக்குப் பீரோ, கட்டிலோடு ஹிந்தியும் கொண்டுவந்தாள். பீரோவும் கட்டிலும் உபயோகத்தில் இருக்கின்றன. ஹிந்தி மட்டும், பஸ் ஸ்டாண்டு பானிபூரிக்காரனிடம் ஒரு பூரி கூடுதலாக வாங்கத்தான் பயன்பட்டது. இங்கே வந்த பிறகு எங்கள் ஊர் 'ங்க'வையும் பிடித்துக்கொண்டாள். ஒரே மூச்சில் அவள் மூன்று 'ங்க' போட்டால் மரியாதை. நான்காவது விழுந்தால் நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

இரண்டு வருஷம் முன்னால் அவள் ஒரு யோசனை சொன்னாள். எங்கள் ஊர் லாரிகள் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு வடக்கே போகும். இறக்கியபின் திரும்பிவர லோடு கிடைக்காமல் அங்கேயே நாள்கணக்கில் கிடக்கும். கடைசியில் காலியாக வரும். லாரிக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் கிடையாது.

"ஏனுங்க, அங்கிருக்கற யாவாரிக கிட்ட ஹிந்தியில பேசி நான் லோடு புடிச்சுக் குடுக்கட்டுமா? ஊட்டுல இருந்தே போன்ல பேசுவேன்."

"அம்மிணி, லோடு புடிக்கறதுன்னா பஸ்ல சீட்டு புடிக்கறதுன்னு நெனச்சியா? அது மலை மாதிரி தொழிலு. உன்னை எவனுக்குத் தெரியும்?"

"அதானுங்க. என்னை எவனுக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

நிற்க. கம்பெனிக்கு வருவோம்.

பிராண்டு ஊர் கண்ணில் பட வேண்டும். எப்படி? அன்று சாயங்காலம் முழுக்க யோசித்தேன்.

"பெல்லா, ஒரு மனுசன் அதிக நேரம் எதைப் பாக்கறான்?"

"கண்ணாடிங்க. உங்களை வெச்சுச் சொல்றேன்."

"லாரியோட முதுகை! ரோட்டுல போறவன் முன்னால போற லாரி முதுகைத்தான பாத்துட்டுப் போகோணும்? வேற வழி?"

லாரியின் நெற்றியில் சாமி பெயரும் ஓனர் பிள்ளைகள் பெயரும் இருக்கும். பக்கவாட்டில் டிரான்ஸ்போர்ட்டின் பெயர். பின்னால் 'ஒலி எழுப்பவும்'. அதற்கும் கீழே, பம்பருக்கு மேலே, ஒரு சாண் அகலத்துக்கு ஒரு பலகை சும்மா கிடக்கும். இத்தனை வருஷமாக அந்த ஒரு சாண் இடம் எனக்காகக் காத்திருந்திருக்கிறது. எனக்குத்தான் கண் இல்லை. என் பெயரையும் நம்பரையும் அங்கே எழுதிவிட்டால் பட்டறையை விட்டு இறங்கும் ஒவ்வொரு லாரியும் என் விளம்பரத்தைச் சுமந்துகொண்டு இந்தியா முழுக்கச் சுற்றும். நாலு ஊரில் இருந்து என்னைத் தேடிப் போன் வந்தால் காளியண்ணன் யாரை மேனேஜராகப் போடுவார்?

"பிரமாதமுங்க," என்றாள் இசபெல்லா. அவள் என்னைப் பிரமாதம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். "ஆனா முதலாளி படிச்சுட்டார்னா?"

இடித்த இடம் அதுதான். அவர் வண்டியில் என் பெயரைப் பார்த்தால் அன்றே கணக்கு முடித்துவிடுவார். நான் தாடையைத் தடவினேன்.

"ஹிந்தியில எழுதினா அவருக்குப் படிக்கத் தெரியாதுங்களே," என்றாள்.

அடடா! யோசனை என்னுடையதுதான். அவள் வாய் வழியாக வந்தது, அவ்வளவுதான்.

"நம்பரைப் பாத்துக் கண்டுபுடிச்சுட்டா?"

"இந்தக் காலத்துல நம்பரைப் பாத்து யாருக்குங்க ஆளு தெரியுது? எல்லாம் பேரைத்தான சேவ் பண்ணி வெச்சிருக்கறாங்க. உங்க அம்மா நம்பரைச் சொல்லுங்க பாக்கலாம்?"

சொல்ல முடியவில்லை. வாதம் வென்றது.

நான் நடந்தபடியே வாசகம் சொன்னேன். "கஸ்பார். லாரி உடலமைப்புக் கலைஞர். தரத்தின் மறுபெயர். நாமக்கல்லின் பெருமை." அவள் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு ஹிந்தியில் எழுதினாள்.

"மேல என்ற நம்பரைப் போட்டிருக்கறேனுங்க."

"உன் நம்பரா? எதுக்கு?"

"ரிசப்ஷன் வேண்டாமுங்களா? எடுத்தவொடனே எம்.டி.யே போனை எடுத்தா கம்பெனிக்கு மதிப்பிருக்குமா? உங்க நம்பரு கடைசி வரியில. பெரியவங்க எப்பவும் கடைசியிலதான கையெழுத்துப் போடுவாங்க?"

எவ்வளவு விவரம்! பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் கொஞ்சம் காதில் விழுந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

"நான் நாலு வரி சொன்னேன். இதுல மூணுதான இருக்குது?"

"ஹிந்தி சுருக்கமான பாஷைங்க."

மறுநாள் பட்டறையில் பெயின்டர் தமிழரசுவைத் தனியாகக் கூப்பிட்டு, தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்து, தாளை நீட்டினேன். அவன் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

"இதென்னுங்ண்ணா, கொடியில துணி காயுது?"

"ஹிந்தி. ஒரு சுழி மாறாம அப்படியே எழுது."

"முதலாளி கேட்டா?"

"ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதியிருக்குதுன்னு சொல்லு."

தமிழரசு அருமையான கைக்காரன். அர்த்தம் தெரியாத எழுத்தைக் கோலம் போடுகிற மாதிரி வரைந்து, பக்கத்துக்கொரு கிளியையும் உட்காரவைத்தான். முதலாளி வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் கிடந்த பலகையைத் தட்டி வயது பார்க்க ஆரம்பித்தேன்.

"ஏண்டா தமிழரசு, இதென்னடா?"

"ஹாரன் அடிங்கன்னு ஹிந்தியில போட்டிருக்குதுங்க."

"இத்தன நீளமாவா?"

"வடக்கத்தி ஆளுக கிட்ட மருவாதியாக் கேட்டாத்தான் அடிப்பாங்களாமுங்க."

முதலாளி தலையாட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு எந்த லாரி இறங்கினாலும் முதுகில் நான் இருந்தேன்.

ஒரு மாதத்துக்குள் முதல் போன் வந்தது. என் நம்பருக்கே! எடுத்து "ஹலோ" என்றேன். எதிர்முனையில் ஒரு குரல் வெடித்தது. போனைக் காதில் இருந்து எடுத்துப் பார்த்தேன், ஸ்பீக்கரில் போட்டேனோ என்று. போடவில்லை. ஓடிப்போய் இசபெல்லாவிடம் கொடுத்தேன். அவள் கேட்டாள். நடுநடுவே "ஹாங் ஜி, ஹாங் ஜி" என்றாள். பிறகு வைத்துவிட்டு என்னைப் பார்த்து மலர்ந்து சிரித்தாள்.

"பாடி அற்புதமுன்னு சொல்றாருங்க."

"அதுக்கு ஏன் இப்பிடிக் கத்தறாரு?"

"சந்தோசமுங்க. வடக்க எல்லாம் சத்தம் போட்டுத்தான் பாராட்டுவாங்க. ரயில்வே காலனியில எங்கப்பாவை ஒருத்தரு பாராட்டினா அடுத்த தெருவுக்கே கேக்கும்."

இனிமேல் ரசிகர்களிடம் நானே பேச வேண்டும் என்று எனக்கு மூன்று வாக்கியம் சொல்லிக்கொடுத்தாள். "தன்யவாத் ஜி" என்றால் நன்றி ஐயா. "ஆப்கீ கிருபா" என்றால் எல்லாம் உங்கள் தயவு. "ஃபிர் போலியே" என்றால் இன்னொரு தரம் சொல்லுங்கள். குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பழகினேன்.

அதன் பிறகு ரசிகர்கள் என்னை விடவில்லை. நாசிக், இந்தூர், ராய்ப்பூர். பட்டறையில் நாலு பேர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன். அந்தப் பக்கம் இடி இடிக்கும். இந்தப் பக்கம் நான் நெஞ்சில் கைவைத்து, "தன்யவாத் ஜி" என்பேன். இடி பலக்கும். "ஆப்கீ கிருபா." மின்னல் வெட்டும். "ஃபிர் போலியே." அத்தோடு அந்த மனிதர் நெகிழ்ந்துபோய்ப் பேச்சற்றுப் போவார். எவ்வளவு பாசக்கார ஜனங்கள்!

ஒருநாள் மதன் பக்கத்தில் வந்து நின்று கேட்டான். "ஏனுங்க, திட்டறாப்பல இல்ல இருக்குது?"

"உனக்கு ஹிந்தி தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்பப் பேசாத."

பொறாமை. பி.இ. படித்தாலும் போகாது.

புரட்டாசி பிறப்பதற்குள் என் பிராண்டு பொருளாகவே வந்து இறங்க ஆரம்பித்தது. நாசிக்கில் இருந்து வந்த டிரைவர் ஒருவர் எங்கள் வாசலில் ஒரு மூட்டை வெங்காயத்தை இறக்கினார். "அங்கிருக்கற யாவாரி அம்மாகிட்டக் குடுக்கச் சொன்னாருங்க," என்றார். ரிசப்ஷனில் கொடுப்பதுதானே முறை? அடுத்து நாக்பூர் ஆரஞ்சு, பெட்டி பெட்டியாக. தெருவுக்கே பங்கு வைத்தோம். எதிர்வீட்டு முத்தாயம்மாள் அக்கா வந்து, "உங்க ஊட்டுக்காரி கெட்டிக்காரி சாமி," என்றார். ஆரஞ்சை நான் சம்பாதிக்க, பேர் அவளுக்கு. நான் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டேன்.

வீட்டிலும் கம்பெனி களை வந்தது. இசபெல்லா இன்னொரு போன் வாங்கினாள். தலையில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போன் ஒன்றும் வந்தது. காலையில் இருந்து ஹிந்திதான்.

"இன்னும் சோறாகலையா அம்மிணி?"

"ரிசப்ஷன்ல கூட்டமுங்க. தோசை மாவு இருக்குது."

நானே ஊற்றிக்கொண்டேன். எம்.டி. தோசை ஊற்றுவது கேவலம் இல்லை. ஒரு கம்பெனியில் எல்லாப் பிரிவும் எம்.டி.க்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டறைக்கோ திருவிழாக் கூட்டம். திருச்செங்கோடு, மோகனூர், சங்ககிரி என்று எங்கெங்கிருந்தோ எலும்பு லாரிகள் வந்து வரிசை கட்டின. "காளியண்ணன் பட்டறை ராசியான பட்டறை. அங்க பாடி கட்டின வண்டி காலியாவே திரும்பறதில்ல," என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். முதலாளி அதைக் கேட்டு, பூசை மாடத்தில் விளக்கைப் பெரிதாக்கினார். நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். ராசியாவது! அவ்வளவும் கஸ்பார்.

ஆயுத பூசை வந்தது. காலையில் கண்ணாடி முன்னால் நின்று இசபெல்லாவிடம் சொன்னேன்.

"இன்னிக்கு நேருக்கு நேரா கேக்கப் போறேன். மேனேஜர் போஸ்ட் குடுத்தாப் பாக்கலாம். இல்லேன்னா என் கம்பெனி வேற கஸ்டமரைப் பாத்துக்கும்."

"கேளுங்க. தைரியமாக் கேளுங்க. அந்தச் சட்டையை மட்டும் மாத்திட்டுப் போங்க, முதுகுல பெயின்ட்டு."

ஆயுத பூசைக்கு நான் பொரியும் சுண்டலும் சாப்பிடுவேன். கிறிஸ்துமஸுக்கு முதலாளி கேக் சாப்பிடுவார். இது எங்களுக்குள் பழைய ஒப்பந்தம். பட்டறை முழுக்கச் சந்தனமும் குங்குமமும். வெல்டிங் மிஷினுக்கு மாலை. வாசலில் புது லாரி ஒன்று வாழைக்கன்று கட்டி நின்றது. முதலாளி அதன் பின்பக்கமாக நின்றிருந்தார். பக்கத்தில், எங்களுக்குப் பிளைவுட் கொடுக்கும் சேட்டு. நான் நேராகப் போய் நின்றேன்.

"உங்ககிட்ட ஒண்ணு பேசோணுமுங்க. நீங்க எனக்கு முதலாளி இல்லீங்க."

தமிழரசு வாயில் போட்ட பொரியை மெல்லாமல் வைத்திருந்தான்.

"பின்ன?" என்றார் காளியண்ணன்.

"கஸ்டமருங்க."

"செரி. அது கெடக்கட்டும். இந்த ஹிந்தியை எழுத வெச்சது நீதான?"

என் கம்பெனி ஒரு நொடி கதவைச் சாத்தப் பார்த்தது. ஆனாலும் கோட்டுக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். நெஞ்சை நிமிர்த்தினேன். "நானேதானுங்க. அது என் பிராண்டு."

"சேட்டு, இன்னொரு தரம் படியுங்க."

சேட்டு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துத் தமிழில் சொன்னார். "தெற்கே சரக்கு அனுப்பணுமா? லாரி வேணுமா? நாமக்கல் இசபெல்லா ஜிக்குப் போன் போடுங்க. அப்புறம் நம்பர் இருக்கு. கீழே இன்னும் ஒரு வரி இருக்கு, அந்த எழுத்து மேலேயே சந்தனம் அப்பிட்டாங்க, தெரியலை."

"கலைஞர்னு எங்கயாச்சும்..."

"இல்லை."

"தரத்தின் மறுபெயர்?"

"அதுவும் இல்லை."

"நாமக்கல்லின் பெருமை?"

"நாமக்கல் மட்டும் இருக்கு."

வாழைக்கன்றைப் பிடித்துக்கொண்டேன். முதலாளி என் தோளில் கை போட்டார்.

"இத்தன நாளா ராசி ராசின்னு நான் வெளக்கேத்திட்டு இருக்கறேன் கஸ்பாரு. நம்ம வண்டி முதுகைப் பாத்து வடக்கத்தி யாவாரியெல்லாம் அந்தம்மாவுக்குப் போன் போட்டிருக்கறான். அந்தம்மா நம்ம வண்டிக்கு லோடு ஏத்தி உட்டிருக்கறாங்க. நேத்து நேர்ல வந்து பேசினாங்க. உன்ற ஊட்டுக்காரின்னு அப்பத்தான் எனக்கே தெரியும். புதுப் பட்டறையில முன் ரூமை லோடு ஆபீசுக்குக் கேட்டாங்க. குடுத்துட்டேன்."

"அப்ப மேனேஜரு..." என்று இழுத்தேன்.

"நீதான்."

"மதன்?"

"அவன் மேனேஜர் வேலையே வேண்டாம்னுட்டான். லோடு ஆபீசுல சேந்துட்டான். அங்கதான் எதிர்காலம் இருக்குதாமா." முதலாளி சிரித்தார். "அவன் இருந்திருந்தாலும் உன்னைத்தான் போட்டிருப்பேன். உன்னை மாதிரி எஸ்டிமேட் போட இந்த ஜில்லாவுல ஆளு ஏது?"

பதினேழு வருஷம் கழித்து இன்னொருவர் வாயில் இருந்து அதைக் கேட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாம்பிராணிப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

"அந்தம்மாவும் உன்னைத்தான் போடச் சொன்னாங்க," என்றார் முதலாளி. "அவங்க ஆபீசுல ஒரு வேலைக்கு நீ அவசியம் பக்கத்துலயே இருக்கோணுமாமா. என்ன வேலைன்னு சொல்லல."

அரைக் கிலோ மிக்சரும் ஒரு கிலோ லட்டுமாக வீட்டுக்கு விரைந்தேன். சந்தோஷம் ஒரு பக்கம். கோபம் ஒரு பக்கம். எதை முதலில் காட்டுவது என்று வழியெல்லாம் குழப்பம். உள்ளே இசபெல்லா ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். மேஜையில் இரண்டு போன். சுவரில் புதிதாக ஓர் இந்தியா மேப்.

"ஏனம்மிணி, என் கம்பெனியை எழுதச் சொன்னா உன் கம்பெனியை எழுதியிருக்கற?"

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "ஒருத்தரு ஒரு கம்பெனின்னுதானுங்களே கோட்டுக்காரரு சொன்னாரு? அன்னிக்கு நானும் அங்கதானுங்க உக்காந்திருந்தேன். இருந்தும் உபயோகிக்காத தெறமை எதுன்னு கேட்டாருங்க. எனக்கு ஒடனே தெரிஞ்சு போச்சுங்க."

நாலு 'ங்க'. சட்டை ஏற்கனவே போட்டுத்தான் இருந்தேன். ஆனால் வெளியே போகத் தோன்றவில்லை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேனே. ரெண்டு வருசத்துக்கு முன்னால. என்னை எவனுக்குத் தெரியும்னு கேட்டீங்க. இப்ப இந்தூரு வரைக்கும் தெரியும்."

அதற்குள் ஒரு போன் அடித்தது. எடுத்தாள். மேப்பில் விரலை வைத்தாள். நாலு வார்த்தை ஹிந்தி, நாலு வார்த்தை எங்கள் பாஷை. "அண்ணா, வண்டியை அங்கயே நிறுத்துங்க, பருத்தி லோடு வருது," என்றாள். எங்கேயோ நாக்பூருக்குப் பக்கத்தில் பதினாறு டன் லாரி ஒன்று அவள் சொல்லுக்காக நின்றது. நான் கட்டிய லாரி. என் மனைவி சொல்லுக்கு. என் நெஞ்சு எனக்கே அடங்கவில்லை. மேனேஜர் போஸ்ட் கிடைத்தபோதுகூட இவ்வளவு பெருமை வரவில்லை, சத்தியமாக.

"பெருமையா இருக்குது பெல்லா," என்றேன். லட்டை எடுத்து ஊட்டினேன். அவள் முகம் சிவந்துவிட்டது. எம்.டி.க்கள்கூட வெட்கப்படுகிறார்கள்.

அந்தத் தைரியத்தில் கேட்டேன். "ஆமா, அந்தக் கடைசி வரி? அதுல எம் பேரு இருக்குதில்ல?"

"உங்க பேரு இல்லாமயா? முழுப் பேரும் போட்டிருக்கறேன்."

"என்னன்னு போட்டிருக்கற?"

"'புகார் சொல்லக் கஸ்பாரைக் கூப்பிடவும்.'"

கையில் இருந்த லட்டு உதிர்ந்தது.

"அப்ப... என் ரசிகருங்க?"

"லோடு லேட்டானவங்க. தார்ப்பாய் ஒழுகி வெங்காயம் நனைஞ்சவங்க. அவங்க ஊட்டு வாசலை அடைச்சு நம்ம டிரைவரு வண்டியைப் போட்டுட்டுத் தூங்கினதால கல்யாணத்துக்குப் போக முடியாதவங்க." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ்வளவு திட்டினதுக்கும் நன்றிங்கய்யா, உங்க தயவுங்க, இன்னொரு தரம் சொல்லுங்கன்னீங்க பாருங்க, அதுல உருகிப் போயிட்டாங்க. இப்பேர்ப்பட்ட பொறுமைசாலியைப் பாத்ததே இல்லைன்னு மறுபடி எனக்கே லோடு குடுத்தாங்க. அந்த வெங்காயம் யாரு அனுப்பினதுன்னு நெனச்சீங்க? கோட்டுக்காரரு கேட்டப்ப உங்க தெறமை எதுன்னு எனக்கு அகப்படவே இல்ல. முதல் போன் வந்தன்னிக்குத்தான் அகப்பட்டுது. எந்தக் கம்பெனியிலயும் இப்படி ஒரு ஆளு கெடைக்காது."

என் போன் அடித்தது. ராய்ப்பூர். இசபெல்லா ஹெட்போனை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

எடுத்தேன். முழுசாகக் கேட்டேன். நெஞ்சில் கைவைத்து, வழக்கமான பெருமையோடு, "தன்யவாத் ஜி" என்றேன்.